மீனுக்குள் இரண்டு கறி: ஒன்று நடக்க, ஒன்று ஓட

கேள்வி: ‘‘பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு வளர்க்கிறோம். வலை இழுத்துப் பெரிய மீன்களை எடுத்துக்கொண்டு, சின்ன மீன்களை உயிரோடு திரும்ப விட்டோம். மறுநாள் காலையில் அவற்றில் பல செத்து மிதந்தன. இது நோயா? இன்னொன்று, மீனை வெட்டும்போது தோலுக்கு அடியில் தெரியும் கருஞ்சிவப்புப் பட்டையைக் ‘கெட்ட ரத்தம்’ என்று சொல்லிச் சிலர் வாங்க மறுக்கிறார்கள். அது என்ன?’’
- வாசகர், முடிச்சூர், தாம்பரம்.

பதில்: இரண்டு கேள்விக்கும் விடை மீனின் தசையில் இருக்கிறது. கோழியில் தொடைக்கறி சற்றுக் கருத்தும், நெஞ்சுக்கறி வெளுத்தும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மீனிலும் அப்படித்தான், சிவப்புத் தசை, வெள்ளைத் தசை என்று இரண்டு வகை உண்டு.

நீங்கள் பார்த்த பட்டை சிவப்புத் தசை. கெட்ட ரத்தம் அல்ல. உடலின் இரு பக்கமும், நடுக்கோட்டை ஒட்டித் தோலுக்கு அடியில் ஓடும். இதில் ரத்தக்குழாய்கள் அதிகம். ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும் மையோகுளோபின் என்ற நிறமி இருப்பதால்தான் இந்தச் சிவப்பு. கொழுப்பையும் ஆக்ஸிஜனையும் கொண்டு வேலை செய்வதால் எளிதில் களைக்காது. குட்டையில் மீன் நிதானமாகச் சுற்றி வருவது இந்தத் தசையால்தான்.

மீதமுள்ள பெரும்பகுதி வெள்ளைத் தசை. எதிரியிடமிருந்து தப்பவும், இரையைப் பாய்ந்து பிடிக்கவும் இது உதவுகிறது. சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளை, ஆக்ஸிஜன் இல்லாமலே வேகமாகச் செலவழிக்கும். ஆனால், சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். சிவப்புத் தசை நாள் முழுக்க ஏர் இழுக்கும் மாடு என்றால், வெள்ளைத் தசை ரேக்ளா மாடு. இரண்டுக்கும் இடைப்பட்ட இளஞ்சிவப்புத் தசையும் பல மீன்களில் உண்டு.

எந்த மீனுக்கு எந்தத் தசை அதிகம் என்பது அதன் பிழைப்பைப் பொறுத்தது. கோவளம் கரைக்கு வரும் சூரையும் கானாங்கெளுத்தியும் ஓயாமல் நீந்துபவை. அதனால் அவற்றில் கருஞ்சிவப்புக் கறி அதிகம். விராலும் கொடுவாவும் பதுங்கியிருந்து பாய்பவை. அதனால் வெள்ளைக் கறியே மிகுதி. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் குஞ்சு பொரிக்க வைத்தது இந்தக் கொடுவாவைத்தான்.

இனி, செத்து மிதந்த மீன்களுக்கு வருவோம். வலையைக் கண்ட மீன் வெள்ளைத் தசையை நம்பித்தான் பாயும். நெடுநேரம் விரட்டினால் கிளைக்கோஜன் தீர்ந்து, தசையிலும் ரத்தத்திலும் லாக்டிக் அமிலம் சேரும். அது தணியப் பல மணி நேரமும், நிறைய ஆக்ஸிஜனும் வேண்டும். கலங்கிய, சூடான நீரில் அது கிடைப்பதில்லை. ஒரு லிட்டர் நீர் 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைக்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். போதாக்குறைக்கு, குட்டையில் ஆக்ஸிஜன் மிகவும் குறைவது விடியலுக்கு முன்பு. அதனால், விடும்போது துள்ளிய மீன்கூட மறுநாள் காலையில் மிதக்கும்.

இழப்பைத் தவிர்க்க:

* அறுவடைக்கு முந்தைய நாளே தீவனத்தை நிறுத்துங்கள்.

* சின்ன மீன்கள் தானாக நழுவிப் போகும்படி பெரிய கண்ணி வலையைப் பயன்படுத்துங்கள்.

* பொழுது விடிந்து, வெயில் ஏறுவதற்குள் வலையை மெதுவாக இழுங்கள். இருட்டிலேயே பிடித்தாக வேண்டுமென்றால், முந்தைய இரவு முழுக்க ஏரேட்டரை ஓட்டுங்கள்.

* மீன்களைக் கரையில் கொட்டாமல், நீருக்குள் வைத்தே தரம் பிரியுங்கள்.

* விட்ட பிறகு அன்று இரவும் ஏரேட்டர் ஓடட்டும், அல்லது புது நீர் பாய்ச்சுங்கள். அடுத்த சில நாள்களுக்கு வலை போட வேண்டாம்.

* விற்பனைக்கான மீனை உடனே, எடைக்கு எடை ஐஸில் வையுங்கள். துடித்துக் களைத்த மீன் சீக்கிரம் விறைத்து, சீக்கிரமே தளர்ந்துவிடும். கறியும் குழையும்.

வாங்க வருபவர்களிடம் அந்தப் பட்டையைத் தயங்காமல் காட்டுங்கள். பளிச்சென்று சிவந்திருந்தால் மீன் புதியது. பழுப்பாக மாறியிருந்தால் பிடித்து நேரமாகிவிட்டது என்று அர்த்தம். கொழுப்பு இருப்பதால் இந்தப் பகுதியில்தான் முதலில் வாடை வரும். அது பிடிக்காதவர்களுக்குப் பட்டையை மட்டும் சீவிக் கொடுக்கலாம்.

வலை போட்ட 2 நாள்களுக்குப் பிறகும் மீன் சாவு தொடர்ந்தாலோ, உடலில் புண், செதில் உதிர்வு தெரிந்தாலோ அது வேறு பிரச்னை. அப்போது சாகும் நிலையிலுள்ள மீனையும், ஒரு பாட்டிலில் குட்டை நீரையும் எடுத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய்க் காட்டுங்கள்.