கணனியின் நேரமும் வன்னியின் நேரமும்

பழைய பத்திரிகைச் செய்திகளையும் சம்பவக் குறிப்புகளையும் கணனியில் ஏற்றி, காலவரிசைப்படி அடுக்கும் பணியில் இப்போது இளைஞர்கள் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய பணி. ஆனால் திகதியையும் நேரத்தையும் பிரித்தறியும் பொறுப்பை, லினக்ஸ் கட்டளை வரியிலுள்ள ‘டேட்’ என்ற கட்டளையிடம் அப்படியே ஒப்படைத்துவிடும் போக்கை என்னால் ஏற்க முடியவில்லை. அது கெட்டிக்காரக் கட்டளைதான். எனினும் நமது வழக்கங்களை அது அறியாது.

03/04/2006 என்று எழுதியிருந்தால் நாம் ஏப்ரல் 3 என்று வாசிப்போம். குனூ டேட் அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4 என்று வாசிக்கும். 13/04/2006 என்று கொடுத்தாலோ, செல்லாத திகதி என்று கூறி நின்றுவிடும். அப்படி நின்றுவிட்டால் நல்லது, தவறு உடனே தெரிந்துவிடும். நாள் 12ஐத் தாண்டாத திகதிகளே ஆபத்தானவை. ஓர் ஆண்டில் 132 நாட்கள் இவ்வாறு ஓசைப்படாமல் இடம் மாறிவிடும். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதும் நமது பழைய பழக்கம் நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. 69 முதல் 99 வரையானவற்றைக் கடந்த நூற்றாண்டிலும் 00 முதல் 68 வரையானவற்றை இந்த நூற்றாண்டிலும் இக்கட்டளை வைக்கிறது. காலிமுகத்திடல் சத்தியாக்கிரகம் நடந்த 05/06/56, அதன் கணக்கில் 2056 மே 6. எண்பத்து மூன்று தப்பிக்கொள்கிறது. ஐம்பத்தாறும் ஐம்பத்தெட்டும் இனித்தான் நடக்கவிருக்கின்றன!

ஆண்டு, மாதம், நாள் என்ற ஐ.எஸ்.ஓ. 8601 ஒழுங்கில் முதலிலேயே எழுதிக்கொண்டால் இவை தீர்ந்துவிடும். நேரம் அவ்வளவு இலகுவில் தீராது.

நீர்மின்சாரத்தை நம்பியிருந்த நாடு வரட்சியால் மின்வெட்டில் தவித்தபோது, 1996 மே 25 அன்று கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டன. கிறீன்விச்சிலிருந்து ஐந்தரை மணித்தியாலமாக இருந்த வித்தியாசம் ஆறரையாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அது ஆறாகக் குறைந்தது. 2006 ஏப்ரல் 15இல் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. இந்த வரலாறு முழுவதும் கணனியின் நேர வலயத் தரவுத்தளத்தில் ‘ஏசியா/கொழும்பு’ என்ற பெயரின் கீழ் இருக்கிறது. அந்த வலயத்தில் வைத்து 1996-05-25 என்று மட்டும் கொடுத்துப் பாருங்கள், செல்லாத திகதி என்ற பதிலே கிடைக்கும். நேரம் குறிப்பிடாவிட்டால் நள்ளிரவு என்று கட்டளை கருதிக்கொள்கிறது. அன்றைய நள்ளிரவோ நம் நாட்டில் இல்லாமற் போன ஒன்று. நண்பகல் 12 மணி என்று சேர்த்துக் கொடுத்தால் தப்பலாம். 2006 ஏப்ரல் 15இல் நிலைமை தலைகீழ். நள்ளிரவுக்குப் பிந்திய அரைமணித்தியாலம் இருமுறை வந்தது. 00.10 என்றால் எந்த 00.10 என்று கட்டளை நம்மிடம் கேட்பதில்லை.

இவ்வளவு எதற்கு, ஐந்தரை என்றே நிலையாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் ரயிலை ஆழிப்பேரலை அடித்தது காலை 9.30 அளவில். உலக நேரப்படி 3.30. ஐந்தரையைக் கழித்தால் 4 மணி வரும். வலய மாறியில் கூட்டல் குறியிட்டு 5.30 என்று எழுதினாலோ கிறீன்விச்சுக்கு மேற்கே என்று பொருளாகும். வலயத்தின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் எச்சரிக்கை எதுவும் வராது, உலக நேரமே உள்ளூர் நேரமென்று வந்துவிடும்.

ஆனால் என்னை மிகவும் உறுத்துவது வேறு. விடுதலைப் புலிகள் 1996ஆம் ஆண்டு மாற்றத்தை ஏற்கவேயில்லை. அவர்களது கட்டுப்பாட்டுப் பகுதியில் ஐந்தரையே தொடர்ந்தது. ‘பழைய நேரமா, புதிய நேரமா?’ என்று கேட்ட காலம் பலருக்கு நினைவிருக்கும். சுமாத்திராவின் பூகம்பம் கொழும்புக் கடிகாரத்தில் 6.58, முல்லைத்தீவுக் கடிகாரத்தில் 6.28. ஒரே கணம்தான். ஆனால் எல்லாச் செய்திகளையும் ‘ஏசியா/கொழும்பு’ என்று முத்திரையிட்டு ஏற்றினால், வன்னியிலிருந்து வந்த குறிப்பு அரைமணித்தியாலம் முந்திய வேறொரு சம்பவம்போலத் தோன்றும். அலையைக் கண்டவரின் வாக்குமூலத்தில் இதனால் பெரிய கேடு இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு குண்டுவீச்சிலோ, ஒருவர் கடைசியாகக் காணப்பட்ட நேரத்திலோ அந்த அரைமணித்தியாலம் போதும், சாட்சி பொய்யர் என்று சொல்லிவிட.

தரவுத்தளத்தைப் பேணுவோர் இதை அறியாதவர்கள் அல்லர். புலிகளின் பகுதிக்கு ‘ஏசியா/கொல்கத்தா’ வலயம் பொருந்தும் என்று மூலக் கோப்பிலேயே குறித்திருக்கிறார்கள். ஆனால் அது மனிதர் வாசிப்பதற்கான குறிப்பு. கோப்பு கணனிக்கு உரிய வடிவத்துக்கு மாறும்போது குறிப்பு உதிர்ந்துவிடும்.

ஆகவே செய்தியில் அச்சான நேரத்தை எழுத்துப் பிசகாமல் ஒரு நிரலில் வையுங்கள். கணித்த உலக நேரத்தை அதற்குப் பக்கத்தில் வேறு நிரலில் வையுங்கள். எந்த வலயத்தைக் கொண்டு கணித்தீர்கள் என்பதும் ஒரு நிரலில் இருக்கட்டும். 2006 ஏப்ரல் 15க்குப் பிந்தியவற்றுக்கு இந்த இரட்டை நேரச் சிக்கல் இல்லை. அதற்கு முந்திய பத்தாண்டுகளுக்கு ஊர்ப்பெயர் மட்டும் போதாது. கிளிநொச்சி 1996 செப்டெம்பரில் இராணுவத்தின் வசமாகி, 1998 செப்டெம்பரில் மீண்டும் புலிகளின் வசமானது. மாங்குளம் 1998இல் ஒரு பக்கம், 1999 நவம்பரில் மறுபக்கம். எந்த ஊர் எந்தத் திகதியில் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தது என்ற அட்டவணையை நாமேதான் தயாரிக்க வேண்டும். அக்காலத்தில் அங்கிருந்து செய்தி அனுப்பியவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கட்டளையை ஓடவிடுவதற்கு முன் அவர்களிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.