சிறிய கல்லூரிகளை ஓரங்கட்டும் ஆட்டம்

2025 மார்ச் 18-ஆம் தேதி, அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியக் கூடைப்பந்துப் போட்டியில், பென்சில்வேனியா மாநிலத்தின் செயிண்ட் பிரான்சிஸ் பல்கலைக்கழக அணி 68-70 என்ற புள்ளிக்கணக்கில் அலபாமா ஸ்டேட் அணியிடம் தோற்றது. 1991-க்குப் பிறகு அந்த அணி தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது அதுவே முதல் முறை. சரியாக ஒரு வாரம் கழித்து, முதல் பிரிவிலிருந்து விலகி, விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்காத மூன்றாம் பிரிவுக்குச் செல்வதாக அந்தப் பல்கலைக்கழகம் அறிவித்தது. ஆட்டத்தில் தோற்றதற்காக எடுத்த முடிவல்ல அது. வீரர்கள் அணி மாறுவதும், பணம் கொடுத்து வீரர்களைச் சேர்ப்பதுமாகக் கல்லூரி விளையாட்டு மாறிவிட்டதையே நிர்வாகம் காரணமாகக் கூறியது.

முதல் பிரிவில் 360-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் உள்ளன. அவற்றில் 68 அணிகள் மோதும் இந்தப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை 2032 வரை நீட்டிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட தொகை 880 கோடி டாலர். பெயர் தெரியாத கல்லூரி ஒன்று பெரும் பல்கலைக்கழகத்தை வீழ்த்தும் என்கிற எதிர்பார்ப்பும் அந்த மதிப்பின் ஒரு பகுதி. 2022-இல் நியூஜெர்சியின் செயிண்ட் பீட்டர்ஸ் அணி கென்டக்கியை வென்று கடைசி எட்டு அணிகளில் ஒன்றானதைப் போன்ற ஆட்டங்களுக்காகவே கூடைப்பந்து அறியாதவர்களும் மார்ச் மாதத்தில் தொலைக்காட்சி முன் அமர்கிறார்கள்.

அந்த எதிர்பார்ப்பு மங்கி வருகிறது. 2025-இல் கடைசி 16 இடங்களைப் பிடித்த அணிகள் அனைத்தும் நான்கே கூட்டமைப்புகளைச் சேர்ந்தவை: எஸ்இசி 7, பிக் டென் 4, பிக் 12 4, ஏசிசி 1. இந்த நான்கு கூட்டமைப்புகளிலும் உள்ள கூடைப்பந்து அணிகளைக் கூட்டினால் வருவது 68. தேசியப் போட்டியின் மொத்த இடங்களும் அதே 68 என்பது தற்செயல்தான் என்றாலும், ஆட்டம் எத்திசையில் நகர்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது.

இக்கூட்டமைப்புகள் பெருத்ததற்குக் கூடைப்பந்து காரணமன்று. அமெரிக்கக் கால்பந்துதான் காரணம். கால்பந்து ஒளிபரப்பு உரிமையைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ தன் கையிலேயே வைத்திருக்க இயலாது என்று 1984-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று முதல் கூட்டமைப்புகளே தொலைக்காட்சிகளுடன் பேரம் பேசுகின்றன. 2022-இல் பிக் டென் செய்துகொண்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். அந்தப் பணத்தின் ஈர்ப்பில் 1915-இல் தோன்றிய பசிபிக் கடற்கரைக் கூட்டமைப்பான பேக்-12 சிதறியது. 2024-இல் அதன் 12 உறுப்பினர்களில் 10 பேர் வெளியேறினர். கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் இன்று அட்லாண்டிக் கடற்கரையின் பெயர் தாங்கிய கூட்டமைப்பில் ஆடுகிறது.

கால்பந்துக்காகக் கட்டப்பட்ட இந்தக் கோட்டைகள், கூடைப்பந்தின் தேர்வுமுறையையும் வளைத்துவிட்டன. 2025-இல் 31 கூட்டமைப்புகளின் வாகையர் நேரடியாகத் தகுதி பெற்றனர். எஞ்சிய 37 இடங்களைத் தேர்வுக்குழு நிரப்பியது. அவற்றில் 33, மேற்சொன்ன நான்கு கூட்டமைப்புகளுக்கும் பிக் ஈஸ்டுக்கும் சென்றன. தம் கூட்டமைப்பில் ஆடிய 18 ஆட்டங்களில் 6-ஐ மட்டுமே வென்ற டெக்சஸ், ஓக்லஹோமா அணிகளுக்கும் இடம் கிடைத்தது. முந்தைய ஆண்டில் 28 ஆட்டங்களை வென்றிருந்த இண்டியானா ஸ்டேட் அணிக்கோ இடமில்லை. 1979-இல் லாரி பேர்டின் தலைமையில் இறுதி ஆட்டம் வரை சென்ற அணி அது. மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டுடன் அது மோதிய ஆட்டம், கல்லூரிக் கூடைப்பந்தின் தொலைக்காட்சிப் பார்வை விகிதத்தில் இன்றளவும் முறியடிக்கப்படாத சாதனை.

தேர்வுக்குழுவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வலிய அணிகளை எத்தனை முறை வென்றாய் என்பதே அதன் முதன்மையான அளவுகோல். பெரிய கூட்டமைப்பில் உள்ள அணிக்கு அந்த வாய்ப்பு வாரந்தோறும் வருகிறது. தோற்றாலும் அடுத்த வாரம் இன்னொன்று வரும். சிறிய கல்லூரிக்கோ அது கெஞ்சிப் பெற வேண்டிய வாய்ப்பு. பெரிய பல்கலைக்கழகங்கள் பணம் கொடுத்துச் சிறிய அணிகளைத் தம் அரங்கத்துக்கு அழைக்கும்; பதிலுக்கு அவற்றின் ஊருக்குச் சென்று ஆடுவது அரிது. சற்று வலுவான சிறிய அணியென்றால் அழைப்பதற்கே தயங்கும். தேர்வு எழுத விடாமல் தடுத்துவிட்டு, மதிப்பெண் இல்லையே என்று கேட்பதைப் போன்றது இது.

இந்நிலையில், எல்லாவற்றுக்கும் வீரர்களின் பேராசையே காரணம் என்னும் குரலும் எழுகிறது. 2021 முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம். அணி மாறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியும் தளர்ந்து, 2024-இல் அடியோடு நீங்கியது. விளைவுகள் கண்கூடானவை. செயிண்ட் பீட்டர்ஸின் வெற்றிக்குச் சில நாள்களிலேயே அதன் பயிற்சியாளர் சீட்டன் ஹாலுக்குப் போனார். முக்கிய வீரர்களும் கலைந்தனர். 2025-இல் மிசௌரியை வீழ்த்திய டிரேக் அணியின் பயிற்சியாளர் பென் மெக்காலம் அயோவாவுக்குச் செல்ல, நட்சத்திர வீரர் பென்னட் ஸ்டர்ட்ஸும் உடன் சென்றார்.

ஆனால், ஸ்டர்ட்ஸ் எங்கிருந்து வந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றிலிருந்து அதே பயிற்சியாளருடன் டிரேக்குக்கு வந்தவர் அவர். பழைய விதிகளின்படி, இத்தகைய இளைஞர் ஒவ்வொரு படியிலும் ஓராண்டை இழந்திருக்கக் கூடும். பயிற்சியாளர்கள் நினைத்தபோது கல்லூரி மாறிக் கோடிகளில் ஊதியம் பெற்ற காலத்தில், வீரர்களை மட்டும் கட்டிப்போட்டிருந்தது எவ்வகையில் நீதி? உழைத்தவர்களுக்குக் கூலி தரப்படுவது குற்றமன்று. அதற்கான சுமை யார் தோளில் ஏற்றப்படுகிறது என்பதே கேள்வி.

2025 ஜூன் மாதம் ஒப்புதல் பெற்ற 'ஹவுஸ்' வழக்கின் உடன்பாடு இக்கேள்விக்குத் தந்த விடை கவலைக்குரியது. அதன்படி ஒரு கல்லூரி, முதலாண்டில் தன் வீரர்களுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாக வழங்கலாம். பல சிறிய கல்லூரிகளில் விளையாட்டுத் துறை முழுவதற்குமான ஆண்டுச் செலவே இந்த அளவை எட்டுவதில்லை. முன்னாள் வீரர்களுக்கு 10 ஆண்டுகளில் தரவேண்டிய 280 கோடி டாலர் இழப்பீட்டின் பெரும்பகுதி, வலிய கூட்டமைப்புகளில் ஆடியவர்களுக்கே சேரும். அதை ஈடுகட்ட என்சிஏஏ குறைக்கும் பங்கீடோ முதல் பிரிவின் எல்லாக் கூட்டமைப்புகளையும் தாக்குகிறது. விருந்து ஓரிடத்தில், மொய் எல்லோரிடத்திலும் என்பதுதான் நடைமுறை.

வீரர்களின் உரிமையைப் பறிக்காமலே இதைச் சீர்செய்ய இயலும். உலகக் கால்பந்தில் இளம் வீரர் பெரிய மன்றத்துக்கு மாறும்போது, அவரை வளர்த்த மன்றத்துக்குப் பயிற்சி இழப்பீடு தர ஃபிஃபா விதி வகை செய்கிறது. வீரரின் ஊதியத்தில் கைவைக்காமல், சேர்த்துக்கொள்ளும் கல்லூரியிடம் மட்டும் அத்தகைய தொகையை வாங்கலாம். பெரிய அணிகள் ஆண்டுக்குச் சில ஆட்டங்களையாவது சிறிய கல்லூரிகளின் அரங்கில் ஆட வேண்டும் என்பதைத் தேர்வுக்கான நிபந்தனை ஆக்கலாம். தன் கூட்டமைப்பிலேயே பாதி ஆட்டங்களை வெல்லாத அணிக்குத் தேர்வுக்குழுவின் கதவை மூடலாம்.

கடைசி யோசனைக்கு எதிர்வாதம் உண்டு. 2025-இல் எஸ்இசியில் 8 வெற்றி, 10 தோல்வி கண்ட ஆர்கன்சாஸ் அணி, தேசியப் போட்டியில் கடைசி 16 வரை முன்னேறியது. திறமை அங்கேதான் குவிந்துள்ளது என்பதற்கு அது சான்று, மறுக்க முடியாது. ஆயினும், பணத்தையும் ஆட்ட வாய்ப்பையும் ஓரிடத்தில் குவித்துவிட்டு, திறமையும் அங்கே குவிவதை இயற்கையின் தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

68 இடங்களை 72 அல்லது 76 ஆக உயர்த்தும் யோசனையும் பேசப்பட்டு, 2026-க்கு வேண்டாம் என்று ஒத்திவைக்கப்பட்டது. இன்றைய அளவுகோல் மாறாத வரை, கூடும் இடங்களும் இருப்பவர்களுக்கே போய்ச் சேரும். தேசியப் போட்டிக்குத் தேவை இன்னும் எட்டு இடங்கள் அல்ல. செயிண்ட் பிரான்சிஸ் போன்ற கல்லூரி, தகுதி பெற்ற மறுவாரமே களத்தை விட்டு வெளியேற வேண்டியிராத ஒரு பங்கீட்டு முறை. அதைத் தர என்சிஏஏ தவறினால், பெரிய அணிகளுக்கு எதிரில் நிற்க ஒருநாள் பெரிய அணிகள் மட்டுமே மிஞ்சும்.