தேடியதேட்டமும் படிவம் 13.1 உம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிரிந்துபோகும் கணவனும் மனைவியும் சொத்துப் பங்கீடு கேட்டு நீதிமன்றம் சென்றால், இருவரும் தனித்தனியே ஓர் ஆவணத்தை நிரப்ப வேண்டும். படிவம் 13.1 என்பது அதன் பெயர். வருமானம், செலவு, சொத்து, கடன் யாவற்றையும் எழுதி, அவை உண்மை என்று சத்தியம் செய்து ஒப்பமிட வேண்டும். ரொறன்ரோவில் வாழும் நம்மவர் பலருக்கு இந்தப் படிவம் கசக்கிறது. வெள்ளைக்காரரின் சட்டம் நமது குடும்பத்துக்குள் கணக்குப் பார்க்க வருகிறது என்கிறார்கள். இந்தக் குறைபாட்டில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒல்லாந்தர் 1706-1707 காலப்பகுதியில் தொகுப்பித்த தேசவழமை, யாழ்ப்பாணத்தவரின் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாக வகுத்தது. பெற்றோர் வழி வந்தது ஒன்று. பெண் கொண்டுவந்தது இன்னொன்று. மணவாழ்வில் ஈட்டியது மூன்றாவது. படிவம் 13.1 கேட்பதும் ஏறக்குறைய இதுவே. திருமண நாளில் உங்களிடம் என்ன இருந்தது? பிறகு முதுசமாகவோ நன்கொடையாகவோ வந்தது எது? பிரிந்த நாளில் கையில் உள்ளது எவ்வளவு? கடன்களையும் இவற்றையும் கழித்தபின் எஞ்சுவதே மணவாழ்வின் தேட்டம். யாருடைய தேட்டம் கூடுதலோ, அவர் வித்தியாசத்தில் பாதியை மற்றவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதே பொதுவிதி. கணக்கு முறை வேறாயினும் கேள்விகள் நமக்குப் புதியவை அல்ல.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நமது கொடுக்கல் வாங்கல்களிற் பெரும்பகுதி எழுத்தில் இல்லை. மாதச் சீட்டை எடுத்துக் கொள்க. சீட்டை முன்னரே எடுத்தவருக்கு மீதித் தவணைகள் கடன். இன்னும் எடுக்காதவருக்குக் கட்டிய காசு சொத்து. இரண்டுக்கும் சாட்சி சீட்டுப் பிடிப்பவரின் கொப்பி மட்டுமே. தங்கையின் திருமணத்துக்கு மைத்துனரிடம் வாங்கிய கைமாற்றுக்குத் துண்டு எழுதுவது அவமரியாதை என்று எண்ணுகிறோம். நீதிமன்றமோ, திருப்பிக் கேட்கப்படாத உறவினர் கடனைச் சந்தேகத்துடனேயே பார்க்கும். ஊரில் தம்பியின் பெயரில் வாங்கிய காணிக்கு உறுதி ஒரு கதை சொல்லும். பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு வேறொரு கதை சொல்லும். ஒன்ராறியோவுக்கு வெளியே உள்ள சொத்தையும் படிவம் கேட்கிறது என்பதை மறக்கலாகாது.

இத்தகைய வேளைகளில், "ஊர்க் காணியை எழுதாதே" என்று புத்தி சொல்லும் பெரியவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. மானம் காப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள். மறைப்பு வெளிப்பட்டால் பொய்ச் சத்தியம் என்ற குற்றம் ஒருபுறம். முக்கிய சொத்தையோ கடனையோ மறைத்துச் செய்த உடன்படிக்கையை நீதிமன்றம் தள்ளிவைக்கலாம் என்பது மறுபுறம். மறைப்பினால் இழப்பவர் பெரும்பாலும் மனைவியே. கணவனின் கணக்குவழக்கு அவளுக்குத் தெரியாது. அவன் நீட்டிய கடன் பத்திரத்தில் மாத்திரம் அவளுடைய ஒப்பமும் இருக்கும்.

இன்னுமொன்றையும் வாசகர் மனங்கொள்ள வேண்டும். இந்தக் கடனைக் கணவன் கட்டவேண்டும் என்று குடும்ப நீதிமன்றம் கட்டளையிட்டாலும், இருவரும் ஒப்பமிட்ட கடனுக்கு வங்கி இருவரையுமே கேட்கும். கட்டளை கணவன் மனைவிக்கு இடையிலானது. வங்கி அதற்குக் கட்டுப்பட்டதன்று. ஆகவே கூட்டுக் கடனை அடைக்கவோ ஒருவர் பெயருக்கு மாற்றவோ தீர்வின்போதே வழிகாண வேண்டும். உரிமை கோருவதற்கும் எல்லை உண்டு: பிரிந்து 6 ஆண்டுகள், அல்லது விவாகரத்துக் கிடைத்து 2 ஆண்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அது. உறவினர் சமரசம் பேசிக் காலத்தை இழுக்கையில் இந்த எல்லை கடந்துவிடக் கூடும்.

கணக்கு எழுதுவதற்குப் பிரிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சீட்டு, கைமாற்று, ஊர்க்காணி, நகை ஆகியவற்றைச் சேர்ந்து வாழும் காலத்திலேயே இருவரும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பது அன்புக்குக் குறைவாகாது. அந்தக் கொப்பி ஒருநாளும் நீதிமன்றப் படியேறாமல் இருக்கலாம். ஆயினும் சேர்ந்து தேடியதை இருவரும் அறிந்திருப்பது தேட்டத்தின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.