பாதி வழியில் வீட்டுக்குப் போனால் தெய்வக்குத்தமா?

அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் அப்பலாச்சியன் டிரெயில் என்று ஒரு நடைபாதை இருக்கிறது. ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, மெய்ன் மாநிலத்தில் கட்டாடின் மலையில் முடிகிறது. 14 மாநிலங்கள், சுமார் 2,190 மைல், அதாவது 3,500 கிலோமீட்டருக்கு மேல். முதுகில் மூட்டையோடு ஒரே மூச்சில் (ஒரே மூச்சு என்றால் ஐந்திலிருந்து ஏழு மாதம்!) இதை நடப்பவர்களுக்கு 'த்ரூ ஹைக்கர்' என்று பெயர். கிளம்புகிறவர்களில் நாலில் ஒருவர்தான் முடிக்கிறார் என்பது பொதுவான கணக்கு.

நான் அங்கே ஒரு அடி கூட நடந்ததில்லை. நடந்தவர்கள் எழுதியதைப் படித்துப் படித்துப் பைத்தியமானவன், அவ்வளவுதான். படித்ததில் அடிக்கடி கண்ணில் பட்ட சண்டை ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆறு மாதம் நடந்தால் நடுவில் பண்டிகை வராமல் இருக்குமா? மார்ச்சில் தெற்கிலிருந்து கிளம்புகிறவருக்கு ஏறக்குறைய பாதி வழியில் ஜூலை 4 வருகிறது. ஜூன் மாதம் வடக்கிலிருந்து கிளம்புகிறவருக்குக் கடைசிக் கட்டத்தில், நவம்பர் நான்காவது வியாழன், தேங்க்ஸ்கிவிங். வீட்டிலிருந்து போன் வரும்: "நாலு நாள் வந்துட்டுப் போயேன்பா". போகலாமா? போனால் அது 'த்ரூ' ஹைக்கா, இல்லையா? தூய்மைவாதிகள் சிலர், வீட்டு வாசலை மிதித்தாலே கணக்கு முறிந்தது என்று முறைக்கிறார்கள்.

என் கட்சி, தாராளமாகப் போகலாம் என்பது.

முதலில் விதியைப் பார்ப்போம். இந்தப் பாதையைக் கவனித்துக்கொள்ளும் அப்பலாச்சியன் டிரெயில் கன்சர்வன்சி, முழுப் பாதையையும் நடந்தவர்களை '2,000 மைலர்' என்று அங்கீகரிக்கிறது. எந்தத் திசையில் நடந்தாய், எந்த வரிசையில் நடந்தாய், எத்தனை நாள் எடுத்தாய் என்று கேட்பதில்லை. த்ரூ ஹைக் என்று சொல்ல 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவே. நடுவிலிருக்கும் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் தொடங்கி வடக்கே முடித்துவிட்டு, வண்டியேறித் திரும்பி வந்து தெற்குப் பாதியை நடக்கும் 'ஃபிளிப் ஃபிளாப்' முறையை, கூட்டம் குறையும் என்பதால் அந்த அமைப்பே ஊக்குவிக்கிறது. அதில் நடுவே பெரிய இடைவெளி தானாகவே வந்துவிடுகிறதே! வழியில் ஊருக்குள் இறங்கி, மோட்டலில் அறை எடுத்து, இரண்டு நாள் பீட்சா சாப்பிட்டுத் தூங்குவதை 'ஜீரோ டே' என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். யாரோ ஒருவர் மோட்டலில் தூங்கினால் புனிதம், அம்மா வீட்டில் தூங்கினால் தீட்டு. இது என்ன நியாயம்?

சரி, எதிர்க்கட்சிக்கு ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. வீட்டுக்குப் போனவர் திரும்பி வராமலே போகலாம். ஹாஸ்டலில் இருந்து லீவுக்குப் போய் ஞாயிறு ராத்திரி பஸ் ஏறும் நம் மக்களுக்கு இது புரியும். சோபா இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது, வெளியே மழை பெய்கிறது. நாளுக்கு 4,000 கலோரிக்கு மேல் எரித்த உடம்புக்கு நடை நின்றாலும் பசி நிற்காது. ஐந்து நாளில் உடம்பு கனக்கும், தேய்ந்து கெட்டிப்பட்ட பாதம் இளகும். பில் பிரைசன் 1998-ல் வெளியிட்ட 'எ வாக் இன் த வுட்ஸ்' படித்தவர்களுக்குத் தெரியும். தெற்கே சில வாரம் நடந்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். அவர் அப்போது இருந்த ஹானோவர் ஊருக்குள்ளேயே பாதை போகிறது. அதன் பிறகு காரில் போய் நடப்பது, காரில் திரும்புவது என்று ஆகிவிட்டது. மொத்தம் 870 மைல் நடந்தார். புத்தகம் அருமை, ஆனால் நடை முழுமையாகவில்லை.

ஆனால் அவரை நிறுத்தியது வீடா? நான் அப்படி நினைக்கவில்லை. திரும்பும் தேதி இல்லாமல் போனதுதான். எம்மா கேட்வுட் பாட்டியைப் பாருங்கள். 11 பிள்ளைகள் பெற்றவர். 1954-ல் மெய்னில் தொடங்கி, வழி தவறி, மூக்குக்கண்ணாடி உடைந்து, ஒஹையோவிலிருந்த வீட்டுக்கே திரும்பினார். 1955-ல், 67 வயதில், சாதாரண கேன்வாஸ் ஷூவும் தோளில் ஒரு துணிப்பையுமாக ஜார்ஜியாவிலிருந்து கிளம்பி செப்டம்பரில் கட்டாடின் உச்சியில் நின்றார். வீடு அவரை விழுங்கிவிடவில்லை.

வீடு வேண்டாம் என்று ஒருவர் சொல்லலாம், ஆனால் பருவத்திடம் அந்தப் பேச்சு எடுபடாது. எனக்கு உண்மையான கவலை அங்கேதான். வடக்கே போகிறவருக்கு அக்டோபர் 15 ஒரு சுவர் மாதிரி. அதன் பிறகு கட்டாடின் இருக்கும் பாக்ஸ்டர் பூங்காவில் இரவு தங்க முடியாது. நாளுக்கு 15 மைல் என்றால், ஜூலையில் வீட்டில் கழிக்கும் ஒரு வாரம் 105 மைல். ஏப்ரல் கடைசியில் கிளம்பியவருக்கு அந்த 105 மைல் பெரிய விலை. மார்ச்சில் கிளம்பியவருக்கு அது ஒன்றுமே இல்லை.

தெற்கே போகிறவர் கதை வேறு. தேங்க்ஸ்கிவிங் சமயத்தில் ஸ்மோக்கி மலைகளை நெருங்கியிருப்பார். பாதையின் மிக உயரமான இடம், 6,643 அடி, அங்கேதான். அதற்குச் சற்று முன்பே நியூஃபவுண்ட் கேப் என்ற கணவாயில் கார் ரோடு குறுக்கிடுகிறது, அங்கிருந்து ஜார்ஜியா முனைக்கு இன்னும் 200 மைல் சொச்சம். அப்பா காரோடு வந்து கூட்டிப்போக வசதியான இடம் என்று பலருக்கும் தோன்றும். எனக்கென்னவோ அது மோசமான இடம். பனி விழுந்தால் அந்த ரோட்டையே மூடிவிடுவார்கள், திரும்பி வந்து இறங்கவே முடியாமல் போகலாம். இன்னும் மூன்று நாள் நடந்து ஸ்மோக்கியை முடித்து, ஃபோன்டானா அணைக்கட்டில் இறங்கி வீட்டுக்குப் போகட்டும். பண்டிகைக்கு இரண்டு நாள் தாமதமானால் என்ன, மிச்சம் வைத்த வான்கோழியை மறுநாள் சாப்பிட்டால் ஆகாதா? :-)

திரும்பி வரும்போது டிசம்பர், பகல் பத்து மணி நேரம்தான். எஞ்சியிருப்பது சுமார் 165 மைல், பதினோரு நாள் நடை. ரிட்டர்ன் டிக்கெட்டைக் கிளம்புவதற்கு முன்பே எடுத்திருந்தால், கிறிஸ்துமஸுக்கு மறுபடியும் வீட்டில் இருக்கலாம்.