மரை கழண்ட கதை

"இறுகிட்டுதண்ணை, காணும்."

இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொதி ஏறும். இண்டைக்கு அந்தக் கொதியைத்தான் எழுதப்போறன். உங்களில ஆரும் கராஜ் வைச்சிருந்தால் கோவிச்சாலும் பரவாயில்லை, முழுக்க வாசிச்சிட்டுக் கோவியுங்கோ.

என்ர கூட்டாளி ஒருத்தன் இங்க கனடாவில சொந்தமா ட்ரக் ஓடினவன். ஒயில் மாத்தக் குடுத்த இடத்தில, தொட்டியின்ர அடிப் போல்டைக் கழட்டேக்க அலுமினிய மரையும் சேர்த்து உரிஞ்சு வந்திட்டுது. உரிஞ்சது பிழையில்லை, ஆருக்கும் நடக்கும். பிறகு செய்ததுதான் பிழை. தானே மரை வெட்டிக்கொண்டு போற பெரிய போல்ட் ஒண்டை முறுக்கி ஏத்தி, சுத்திவரப் பசை பூசி அனுப்பிவிட்டினம். இவனுக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை. 3 கிழமைக்குப் பிறகு, 401 இல, ஏறக்குறைய 40 லீற்றர் ஒயிலும் றோட்டில. அலாரம் அடிச்சு அவன் ஓரங்கட்டுறதுக்குள்ள பேரிங்குகள் போட்டுது. கேக்கப் போனால் பதில் என்ன தெரியுமோ? "நாங்கள் பூட்டேக்க இறுகினது."

இறுகினதாம்! ஊறுகாய்ப் போத்தில் மூடியைச் சரிச்சு வைச்சுத் திருகினாலும்தான் இறுகும்.

போல்ட் எண்டது ஒரு ஸ்பிறிங் மாதிரி. முறுக்கேக்க அது மயிரளவு நீளுது, அந்த இழுவைதான் ரெண்டு பக்கத்தையும் பிடிச்சு வைச்சிருக்கிறது. நல்ல மரையிலயே நாங்கள் முறுக்கிற பலத்தில 10 இல் ஒரு பங்குதான் இழுவையாகும், மிச்சம் உராய்விலயே போயிடும். மரை பழுதெண்டால் அந்த ஒரு பங்கையும் உராய்வு திண்டிடும். ஸ்பானர் 'டிக்' எண்டு சத்தம் போடும், கைக்கு இறுக்கமா இருக்கும், உள்ளுக்க ஒண்டும் பிடிச்சிராது. பல்கலைக்கழகத்தில ரெண்டு வருசம் படிச்சதில எனக்கு மிஞ்சினது உது ஒண்டுதான். இப்ப கொத்துரொட்டி போடுறன், அது வேற கதை.

உடன சொல்லுவினம், "ஊரில உப்பிடித்தானே சமாளிச்சனாங்கள்" எண்டு. இந்தப் பொய்தான் எனக்கு எல்லாத்திலும் பெரிய கோவம். 1990 இல பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. கார்கள் மண்ணெண்ணெயில ஓடின காலம். என்ர மாமா லொறி வேலை செய்தவர், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து விளக்குப் பிடிக்கிற பெடியன். மரை போன ஓட்டையைப் பெரிசாத் துளைச்சு, புதுமரை வெட்டி, கடைச்சலில பித்தளைப் புஷ் ஒண்டு கடைஞ்சு ஏத்தி, அதுக்குள்ள பழைய அளவுக்கு மரை வெட்டுவார். ஒரு ஓட்டைக்கு ஒரு பின்னேரம் போகும். பழைய போல்டில அரத்தால நீளத்துக்குக் காடி வெட்டி வைச்சிருந்தார், ஊத்தை பிடிச்ச மரையைத் துப்பரவாக்க. வெட்டுற டப்பை அதுக்கு விட மாட்டார், நல்ல இரும்பையும் சீவிப்போடும் எண்டு. புதுப் போல்டை முதல் கையால இடப்பக்கம் திருப்பி, 'டொக்' எண்டு விழுந்த பிறகுதான் வலப்பக்கம் திருப்பச் சொல்லுவார். ஒண்டுமில்லாத மனிசன் அவ்வளவு ஒழுங்கா வேலை செய்தவர். உங்கட சோம்பலுக்கு அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதேங்கோ.

இஞ்ச எல்லாம் கடையில கிடக்கு. மரையைச் சரிக்கட்டிற கம்பிக் கோயில் (கும்பிடுற கோயில் இல்லை) ஒரு பெட்டியாவே விக்குது. சரியான அளவுக்குத் துளை, அதுக்கெண்டே வாற டப்பால வெட்டு, சீவலைத் துடைச்செடு, கோயிலை ஏத்து, வாலை முறிச்செடு. அரை மணித்தியால வேலை. அலுமினியத்தில பழைய மரையை விட இது பலமா நிக்கும். எல்லா இடத்துக்கும் இது சரிவராது, ஹெட் போல்டுக்கு எஞ்சின் செய்தவன் என்ன சொல்லியிருக்கிறானோ அதைத்தான் கேக்கோணும். ஆனால் ஒயில் தொட்டிக்கு?

பைப் பூட்டுகள் இன்னும் மோசம். டீசல் கசிஞ்சால் வெள்ளை ரேப் சுத்துறது. அட, கூம்பு வைச்ச பூட்டில அடைக்கிறது கூம்பு, மரையில்லை. அதில எத்தினை சுத்துச் சுத்தியும் பிரயோசனம் இல்லை. பிஞ்ச ரேப் துண்டு இன்ஜெக்டருக்குப் போய் அடைச்சால் பிறகு செலவு ஆருக்கு?

தொட்டியையே மாத்தோணும் எண்டு பெரிய பில் எழுதுற கராஜும் இருக்கு. அவையளோட நான் சண்டை பிடிக்க மாட்டன். காசைத்தான் எடுக்கினம், எஞ்சினை இல்லை.

கூட்டாளி இப்ப ஆற்றையோ ட்ரக்கைக் கூலிக்கு ஓடுறான், தன்ர ட்ரக்கின்ர கட்டுக்காசையும் கட்டிக்கொண்டு. ஞாயிறு எனக்கு லீவு. அவன்ர வானில ஸ்பார்க் பிளக் மரை ஒண்டு போயிருக்காம். பெட்டி வாங்கி வைச்சிட்டன்.