பாக்கெட்டில் உயரம் இருக்கு, ஆள் இல்லை

எனக்குக் கோப்பிப் பைத்தியம் பிடித்தது வெளியூரில். ஏற்காட்டுக்குப் போனால் கால் கிலோ, சிக்மகளூருக்குப் போனால் இன்னொரு கால் கிலோ. இப்போது அலமாரியில் 11 பாக்கெட். ஒவ்வொன்றின் முதுகிலும் எத்தனை மீட்டர் உயரம், என்ன ரகம், கழுவிக் காயவைத்ததா, பழத்தோடு காயவைத்ததா என்று எழுதியிருக்கும். படித்துவிட்டு, அந்த மண்ணின் ஜாதகமே தெரிந்த மாதிரி ஒரு பெருமை.

போன லீவுக்கு ஊருக்கு வந்தப்ப எல்லயில் ஒரு கடையில் உட்கார்ந்தேன். ஒரு கப் ஆயிரம் ரூபாய்க்குக் கிட்ட. சுவரில் தொப்பி போட்ட துரை படம், கீழே 'சிலோன் கோப்பியின் மரபு'. எங்கம்மா கொழுந்து பறிக்கிறவள். தோட்டத்து நாட்சம்பளத்தின் அடிப்படை 1,350 ரூபாய் ஆனதே 2024இல்தான், அதுவும் எவ்வளவு இழுபறிக்குப் பிறகு! அந்தக் கப் எனக்குத் தொண்டையில் நின்றது.

மரபு என்றால் யாருடைய மரபு? 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். கோப்பிக்குப் பழம் பறிக்கிற காலத்தில்தான் நிறைய ஆள் வேணும். முடிந்ததும் பலர் அதே பாதையில் திரும்பி நடந்தார்கள். தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேணும். அதனால்தான் குடும்பத்தோடு லயத்தில் தங்கினோம். 2023இல் 200 வருஷ நினைவாக நம்மாட்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தது இதைச் சொல்லத்தான்.

கோப்பி ரசிகர்கள் இலைத்துரு நோய் பற்றி நிறையப் பேசுவார்கள். உலகத்தையே ஆட்டிய அந்தப் பூஞ்சணத்துக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தது 1869இல், இலங்கை இலையைப் பார்த்துத்தான். பூஞ்சணத்துக்குப் பெயர் இருக்கு. பழம் பறித்தவளுக்கு?

"கோப்பி குடிக்கிறதிலயும் அரசியலா மச்சான்?" என்று கேட்பீங்க. குடிக்காதே என்று யார் சொன்னது? நானும் குடிக்கத்தான் செய்றேன். அந்தக் கடையில் பால் நுரைத்துக் கொடுத்த தம்பியும் லயத்துப் பிள்ளைதான், அவனோட எனக்கு ஒரு சண்டையும் இல்லை. என் சண்டை 'ஒரிஜின், ஒரிஜின்' என்று சொல்லிவிட்டு மீட்டர் கணக்கோடு நிறுத்திக்கொள்கிற ரசனையோடு. மழையை எழுதுகிறாய், மண்ணை எழுதுகிறாய். கூலி எவ்வளவு என்று ஒரு வரி எழுத இடம் இல்லையா? அதைக் கேட்காமலே 11 பாக்கெட் சேர்த்த எனக்கும் இது சேர்த்துத்தான்.

எங்க அம்மாயி லயத்துக்குப் பின்னால் ரெண்டு கோப்பி மரம் வைத்திருக்கிறாள். பழம் பறித்துக் காயவைத்து, சட்டியில் கரிய வறுத்து, உரலில் இடிப்பாள். நம்ம 'மீடியம் ரோஸ்ட்' ஆட்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள். இந்தத் தடவை வறுக்காத கொட்டையைக் கேட்டு வாங்கி வந்தேன். பாக்கெட்டுகளுக்கு நடுவில் இப்போது ஒரு ஹார்லிக்ஸ் போத்தல் நிற்கிறது. அதில் நானே எழுதி ஒட்டினது: பறித்தது அம்மாயி, வயது 71. கூலி இல்லை. மரம் அவளுடையது, மண் தோட்டத்துடையது.