வட்டத்துக்குள் யூ: கோஷர் முத்திரை உங்க சுகரைக் குறைக்காது

1/
மக்களே, இது கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் சர்க்கரை நோயாளி யாராவது இருந்தால் பொறுமையா கடைசி வரை படிங்க.

2/
போன மாசம் எங்க என்சிடி ஓ.பி.க்கு ஒரு அம்மா வந்தாங்க. அறுபதை ஒட்டிய வயசு. பத்து வருஷமா சுகர். மாத்திரை ஒழுங்கா போடுறவங்க. ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி, எப்பவும் 7 பக்கத்திலேயே நிற்கும். இந்தத் தடவை 10-ஐத் தாண்டியிருந்தது. கால் பெருவிரலில் ஆறாத புண் வேற.

3/
"மாத்திரையை விட்டீங்களாம்மா?"
"இல்ல தம்பி."
"இனிப்பு சாப்பிட்டீங்களா?"
"சீனியை வீட்டுக்குள்ளயே விடுறதில்ல. இதுதான் போட்டுக்கிறேன்" என்று பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாங்க. மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய தென்னஞ்சர்க்கரை.

4/
பாக்கெட் ஓரத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஆங்கில யூ எழுத்து. அதை விரலால் தொட்டுக் காட்டினாங்க. "இந்த யூ போட்டிருந்தா யூதர்கள் சோதிச்சு பாஸ் பண்ணதாம். சுகரை ஏத்தாதாம். வாட்ஸ்அப்ல வந்துச்சு தம்பி." அந்த தைரியத்தில் தினம் நாலு காபி, டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன்.

5/
தென்னஞ்சர்க்கரையில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். ரேஷன் கடைச் சர்க்கரையில் இருக்கும் அதே மூலக்கூறு. நிறம் வேற, வாசம் வேற, விலை பல மடங்கு. ரத்தத்துக்குள் போனால் குளுக்கோஸ் குளுக்கோஸ்தான். அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஃபார்வேர்டை எழுதினவன் மேல்தான் கோபம்.

6/
சரி, அந்த யூ என்ன? அமெரிக்காவில் 1898-ல் தொடங்கிய ஆர்தடாக்ஸ் யூனியன் என்ற யூத அமைப்பின் கோஷர் முத்திரை. 1923-ல் ஹைன்ஸ் கம்பெனியின் பீன்ஸ் டின்னில் முதலில் வந்தது. இந்தப் பொருள், அதில் சேர்ந்தவை, தயாரித்த இயந்திரம் எல்லாம் யூத உணவுச் சட்டப்படி சரி என்று சொல்கிறது. சொல்வது அவ்வளவுதான்.

7/
அந்தச் சட்டம் கேட்கும் கேள்விகளைப் பாருங்க. பன்றி இருக்கா? ஓடுள்ள கடல் உயிரினம் இருக்கா? இறைச்சி முறைப்படி அறுத்ததா? பாலும் இறைச்சியும் கலந்ததா? பஸ்கா பண்டிகை என்றால், புளித்த தானியம் இருக்கா? இதில் எங்கேயாவது "ரத்த சர்க்கரை ஏறுமா?" என்ற கேள்வி இருக்கா? இல்லை. அது குறை இல்லை. அந்தச் சட்டத்தின் வேலையே வேற.

8/
கோஷர் பார்த்துச் சாப்பிடும் ஒருவர் இனிப்பூட்டி வாங்கும்போது எதைக் கவனிப்பார்? இதைத் தெரிஞ்சுக்கிட்டாலே அந்த முத்திரை எதுக்கு என்று நமக்குப் புரிஞ்சிடும்.

9/
வெறும் வெள்ளைச் சர்க்கரை: கரும்பு அல்லது பீட் கிழங்கிலிருந்து வருவது. பொதுவா பிரச்சனையே இல்லை. சில கரும்பு ஆலைகளில் நிறம் நீக்க எலும்புக்கரி பயன்படுத்துவாங்க. எரிந்து கரியான எலும்பு உணவே இல்லை என்று கோஷர் அமைப்புகள் அதையும் ஏத்துக்குது. நம்ம ஊர் சைவக்காரர் சிலருக்கு உறுத்தும் விஷயம், அங்கே உறுத்தலை.

10/
தேன்: இது சுவாரசியம். தேனீ கோஷர் இல்லை, ஆனா தேன் கோஷர். தேன் தேனீயின் உடம்பில் ஊறுவது இல்லை, பூவிலிருந்து எடுத்து வைப்பது என்று தால்மூத் விவாதிச்சு முடிவு பண்ணியிருக்கு. ஆக கோஷர்படி தேன் ஓகே. சுகர்படி? தேனில் இருப்பதும் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ்தான். ஓகே இல்லை.

11/
இனிப்பு மாத்திரைகள்: சிலவற்றில் உருவம் கொடுக்க லாக்டோஸ் சேர்ப்பாங்க. அது பாலில் இருந்து வருவது. இறைச்சி சாப்பிட்டபின் பால் பொருளுக்கு ஆறு மணி நேரம் வரை காத்திருக்கும் வழக்கம் பல யூதக் குடும்பங்களில் உண்டு. ஆக மட்டன் சாப்பாட்டுக்குப் பின் கடுங்காப்பியில் அந்த மாத்திரையைப் போட்டால் அங்கே சிக்கல். அதனால்தான் யூ பக்கத்தில் டி எழுத்து இருக்கா என்று பார்ப்பாங்க. டி என்றால் பால் சம்பந்தம்.

12/
திரவ ஸ்டீவியா சொட்டு: செடி ஸ்டீவியா கோஷர்தான். ஆனா அதோடு கிளிசரின் சேர்த்திருக்கலாம். கிளிசரின் தாவர எண்ணெயிலும் எடுக்கலாம், மாட்டுக் கொழுப்பிலும் எடுக்கலாம். 1935-ல் அட்லாண்டா ரப்பி டோபியாஸ் கெஃபன் கோகோ கோலாவில் கண்டுபிடித்த சிக்கல் இதுதான். கம்பெனி தாவர கிளிசரினுக்கு மாறின பிறகே சம்மதம் கொடுத்தார்.

13/
சுகர் ஃப்ரீ கம்மி மிட்டாய்: ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து என்ற கேள்வி. அஸ்பார்டேம், எரித்ரிட்டால், சுக்ரலோஸ் சாஷே: நொதிக்க வைக்கவோ அளவு கூட்டவோ பெரும்பாலும் சோளத்திலிருந்து வந்த பொருள் சேரும். வருஷம் முழுக்க பிரச்சனை இல்லை. பஸ்கா வாரத்தில் மட்டும் ஐரோப்பிய வழி யூதர்கள் பலர் சோளத்தையும் தவிர்ப்பாங்க. அப்போ தனி முத்திரை தேடுவாங்க.

14/
பாருங்க, எவ்வளவு நுணுக்கமான கவனம்! ஒரு சிட்டிகைப் பொடியில் என்னென்ன இருக்கு, எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம். எனக்கு மரியாதை உண்டு. என் சண்டை இந்தக் கவனத்தோடு இல்லை. இதைத் திருடி "ஆரோக்கியம்" என்று விற்பவர்களோடு.

15/
உதாரணம் மஞ்சள் மூடி கோக். அமெரிக்காவில் 1980-களில் கோக்கில் சர்க்கரைக்குப் பதில் மக்காச்சோள சிரப் வந்தது. பஸ்காவுக்காகச் சர்க்கரை போட்டு மஞ்சள் மூடியோடு விற்பாங்க. யூதர் அல்லாதவர்களும் "ஒரிஜினல் சர்க்கரை, உடம்புக்கு நல்லது" என்று தேடிப்பிடித்து வாங்குறாங்க.

16/
கணக்கு பாருங்க. அந்த சிரப்பில் சுமார் 55 சதவீதம் ஃப்ரக்டோஸ். சர்க்கரையில் 50. அவ்வளவுதான் வித்தியாசம். மூடி எந்த நிறமாக இருந்தாலும் 355 மி.லி.யில் கிட்டத்தட்ட 40 கிராம் இனிப்பு, ஏறக்குறைய பத்து ஸ்பூன். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டல்.

17/
"யூதர்களே அதை ஆரோக்கிய முத்திரையாத்தானே பார்ப்பாங்க?" என்று கேட்பீங்க. இஸ்ரேலைப் பாருங்க. கோஷர் முத்திரை இல்லாத பாக்கெட் அங்கே அபூர்வம். ஆனாலும் 2020 ஜனவரியிலிருந்து சர்க்கரை, உப்பு, நிறை கொழுப்பு அதிகமுள்ள பாக்கெட் உணவுகளின் முகப்பில் சிவப்பு வட்ட எச்சரிக்கை கட்டாயம். ஒரே பிஸ்கட் பாக்கெட்டில் ரப்பியின் சம்மதமும் இருக்கும், சுகாதாரத் துறையின் சிவப்பும் இருக்கும். ரெண்டும் பொய் இல்லை. ரெண்டும் வேற வேற கேள்விக்குப் பதில்.

18/
அதே நாட்டில் 2022-ல் இனிப்பு பானங்களுக்கு வரி போட்டாங்க. தங்களைக் குறிவைத்த வரி என்று தீவிர மதப்பற்றுள்ள யூதக் கட்சிகள் எதிர்த்தன. அடுத்த வருஷம் ஆட்சி மாறியதும் வரி போயிடுச்சு. கோஷரை மிகக் கறாராகக் கடைப்பிடிக்கும் சமூகத்திலேயே இனிப்பு பானம் அவ்வளவு புழக்கம். கோஷர் ஒரு ஆரோக்கியச் சான்றாக இருந்திருந்தால் இந்த வரிச் சண்டையே வந்திருக்காது.

19/
இன்னும் பழைய சாட்சி வேணுமா? மைமோனிடீஸ். 1204-ல் மறைந்தவர். யூதச் சட்ட மேதை, எகிப்தில் அரசவை வட்டாரத்துக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர். விலக்கிய உணவுகள் உடம்புக்கும் ஆகாது என்று அவரே எழுதியிருக்கார். ஆனா அனுமதித்தது எல்லாம் நல்லது என்று அவர் நினைக்கலை. அவர் சட்ட நூலில் விலக்கிய உணவுக்கு ஒரு பகுதி, உடல்நலத்துக்கு வேற பகுதி. வயிறு முட்டச் சாப்பிடாதே, கால் பங்கு குறைத்து நிறுத்து என்பது அந்த இரண்டாவது பகுதியில் வரும் அறிவுரை. எண்ணூறு வருஷம் முன்னாடியே பிரிச்சு வெச்சதை நாம வாட்ஸ்அப்பில் கலக்குறோம்.

20/
இன்னொரு பக்கமும் சொல்லியாகணும். லோ சுகர். 70-க்குக் கீழே போய், வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷத்தில் மறுபடி டெஸ்ட். சுய நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊத்தாதீங்க, உடனே 108. அந்த நேரத்தில் பாக்கெட்டில் முத்திரை தேடக் கூடாது. யூதச் சட்டமே தேடச் சொல்லலை. உயிரைக் காப்பது மற்ற பெரும்பாலான கட்டளைகளுக்கும் மேல் என்பது அங்கே அடிப்படை விதி.

21/
அடுத்து எங்க ஆளுங்களுக்கு ஒரு குட்டு. ஒரு நோயாளி "டாக்டர், இந்த கேப்ஸ்யூல்ல ஜெலட்டின் இருக்கா? எங்க மதத்துல ஆகாது" என்று கேட்டால் நம்மில் பலர் சிரிக்கிறோம், இல்லைன்னா கத்துறோம். இஸ்லாமியர் கேட்கிறார், சைவர் கேட்கிறார், யூதர் கேட்கிறார். ஒரு நிமிஷம் எடுத்துப் பதில் சொன்னால் மருந்தைப் போடுவார். சிரித்தால் வீட்டுக்குப் போய் குப்பையில் போடுவார், பதிலுக்கு வாட்ஸ்அப்பைக் கேட்பார். அந்த அம்மா அந்த யூவைப் பற்றி முதலிலேயே என்னிடம் கேட்காததற்கு எங்க ஓ.பி.யின் அவசரமும் ஒரு காரணம். ஒத்துக்கிறேன்.

22/
"அப்போ என்னதான் போடுறது டாக்டர்?" கோஷரோ இல்லையோ, பதில் ஒண்ணுதான். சர்க்கரை, நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன், தென்னஞ்சர்க்கரை எல்லாம் ஒரே கட்சி. ஏற்கெனவே சுகர் இருப்பவர் காபிக்கு அளவோடு சுக்ரலோஸ், ஸ்டீவியா மாதிரி ஒண்ணு போட்டுக்கலாம். எடை குறைக்க இவற்றை நம்பாதீங்க என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டல். ஏற்கெனவே நீரிழிவு இருப்பவர்களை அந்தப் பரிந்துரை சேர்க்கலை என்பதையும் சேர்த்துப் படிங்க. பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர் அஸ்பார்டேம் தொடவே கூடாது. எல்லாத்தையும் விட நல்லது, வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்து நாக்கைப் பழக்குவது.

23/
நம்ம ஊர் பச்சைப் புள்ளி தெரியும் இல்லையா? மைசூர்பாக்கிலும் இருக்கும், ஜாங்கிரியிலும் இருக்கும். பச்சைப் புள்ளி இருக்கு, சுகர் ஏறாது என்று யாராவது சொன்னால் சிரிப்போம். யூ வட்டமும் அந்த மாதிரிதான். நமக்குப் பழக்கமில்லாத எழுத்து, வெளிநாட்டு பாக்கெட், அதனால் ஏமாறுறோம். நம்ம நாட்டில் முகப்பில் கட்டாய சர்க்கரை எச்சரிக்கை இன்னும் வரலை. வந்தாகணும். வரும் வரைக்கும் பாக்கெட்டைத் திருப்பி பின்பக்க அட்டவணையில் "மொத்த சர்க்கரை" எத்தனை கிராம் என்று பாருங்க. கண்ணு தெரியலைன்னா பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்க.

24/
அந்த அம்மாவுக்கு இன்சுலின் ஆரம்பிச்சிருக்கோம். புண்ணுக்கு வாரம் ரெண்டு தடவை டிரஸ்ஸிங். விரல் தப்பிச்சிடும்னு நம்புறேன். கிளம்பும்போது கேட்டாங்க, "அப்போ அந்த யூ பொய்யா தம்பி?"
"இல்லம்மா, யூ நிஜம்தான். அது உங்க சுகரைப் பத்திச் சொல்லவே இல்ல."

25/
வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, அம்மாவுக்கு ஏதாவது அனுப்பணும்னா தயவுசெய்து சர்க்கரை அனுப்பாதீங்க, எந்த முத்திரை இருந்தாலும். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் வாங்கிக் கொடுங்க. அந்த ஃபார்வேர்ட் வந்த குடும்ப குரூப்பிலேயே இந்த த்ரெட்டையும் போட்டு விடுங்க.